ஒன்பது கயிறும் ஒரு தார்ப்பாயும்

அன்புள்ள மருமகளுக்கு,

நேற்று போனில், "அத்தை, மழைத்தண்ணி பிடிக்க எந்தத் தார்ப்பாய் வாங்கணும்?" என்று கேட்டாய். எட்டுக்குப் பத்து அடி, புதிதாக, முகர்ந்து பார்த்தால் நாற்றம் இல்லாததாக வாங்கு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனசு ஆறவில்லை. கேள்விக்குப் பதில் சொன்னேனே தவிர, முதல் தடவை மலையில் தங்கப் போகிற பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது எதையும் சொல்லவில்லை.

தாவரவியல் ஆசிரியையாக முப்பத்து மூன்று ஆண்டுகள் மாணவிகளைக் காட்டுக்கு அழைத்துப் போனவள் நான். தண்ணீர் விஷயத்தில் நான் பட்ட பாடுகளை எண்ணினால், தார்ப்பாய் சரியில்லாமல் வந்தது ஒன்றோ இரண்டோதான். மற்றதெல்லாம் என் சோம்பல், என் ஆசை, என் வீம்பு கொண்டுவந்தவை. தார்ப்பாயைக் கடையில் மாற்றிக் கொடுப்பார்கள். மற்றதற்குத்தான் இந்தக் கடிதம். பொறுமையாகப் படி.

1. கூடாரம் போடுமுன் தார்ப்பாயைக் கட்டு. 1977 ஐப்பசியில் காரையாறுக்கு மேலே என் முதல் முகாம். பதினான்கு மாணவிகள், சமையலுக்கு ஓர் அம்மாள், வழிகாட்ட ஒரு காணிக்காரப் பெரியவர். சாயங்காலம் நான்கு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். பெரியவர் மலை முகட்டைப் பார்த்துவிட்டு, "டீச்சரம்மா, படுதாவைக் கட்டிரலாமா?" என்றார். ஒரு டீ குடித்துவிட்டுக் கட்டலாம் என்றேன். டீ குடித்தோம். பிறகு கூடாரம் போட்டோம். பிறகு யாரோ பாட ஆரம்பித்தார்கள். ஆறரை மணிக்கு வானம் பிளந்துகொண்டு கொட்டியது. இருட்டில், நனைந்த கயிற்றோடு, முடிச்சு எது முனை எது என்று தெரியாமல் அரை மணி நேரம் போராடிக் கட்டி முடித்தபோது மழை நின்றுவிட்டது. கிடைத்தது ஒரு சொம்பு, அதுவும் கலங்கல். அன்று ராத்திரி சோறு மட்டும் வெந்தது, ரசம் இல்லை. பெரியவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் மறந்திருப்பேன். சோம்பலின் கையில் எப்போதும் ஒரு டீ டம்ளர் இருக்கும், தாயி.

2. வாங்கிய சாமானைவிட வீட்டுச் சாமானை நம்பு. உன் அப்பாவும் நானும் பிறந்த ராமநாதபுரத்துக் கடலோர ஊரில் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, உப்பு. மழை இருட்டிக்கொண்டு வந்தால் உன் அப்பத்தா முதலில் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க ஓடமாட்டாள். பெட்டியிலிருந்து துவைத்த வெள்ளை வேட்டியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடுவாள். நான்கு கம்பு, நான்கு முனை, நடுவில் கழுவிய கூழாங்கல் ஒன்று, அதற்கு நேர் கீழே செப்புக் குடம். கல்லின் கனத்தில் துணி குழிந்து, விழுகிற மழையெல்லாம் அந்த ஒரு புள்ளிக்கு வந்து வடிந்து குடத்தில் இறங்கும். அந்தத் தண்ணீரில் வெந்த பருப்பு விரலால் தொட்டாலே மசியும். கிணற்றுத் தண்ணீரில் வேகவைத்ததை மத்தால் கடைந்தாலும் அரையும் குறையுமாகக் கிடக்கும். கால்சியம் மிகுந்த கடினநீரில் பருப்பு இளகாது என்று பின்னாளில் கல்லூரியில் படித்தபோது, இதை உன் அப்பத்தா எனக்கு ஐந்து வயதிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டாளே என்று நினைத்துக்கொண்டேன். வேட்டியில் கொஞ்சம் தண்ணீர் ஓரங்களில் சொட்டி வீணாகும். தார்ப்பாய் ஒரு சொட்டும் விடாது, ஆனால் வடிகட்டாது. ஆகவே இரண்டையும் கொண்டு போ. மேலே தார்ப்பாய், குடத்து வாயில் நான்காய் மடித்த வேட்டித் துணி. இரண்டு லிட்டர் பாட்டிலின் கழுத்துப் பக்கத்தை அறுத்துக் கவிழ்த்தால் புனல். இதற்கு மேல் வேறு எதுவும் தேவைப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

3. கணக்குத் தெரிந்துகொள், ஆனால் கணக்கைக் குடிக்க முடியாது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். மழைக் கணக்கில் இதைப் போலச் சுலபமானது வேறில்லை. எட்டுக்குப் பத்து அடித் தார்ப்பாய் ஏறக்குறைய ஏழரைச் சதுர மீட்டர். பத்து மில்லிமீட்டர் மழைக்கு எழுபது லிட்டருக்கு மேல் வர வேண்டும். சாய்த்துக் கட்டும்போது பரப்பு சுருங்கும். உச்சி வெயிலில் அது தரையில் எவ்வளவு நிழல் போடுமோ, அவ்வளவுதான் மழைக்கும் கணக்கு. தெறிப்பது, காற்று அடித்துப் போவது, முதலில் கொட்டிவிடுவது எல்லாம் கழித்தால் ஐம்பது லிட்டர் கிடைத்தாலே சந்தோஷப்படு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அதைக் கணக்குப் போட்டுப் பார், ஒரு சதுர மீட்டருக்கு 950 லிட்டர். அப்படிப்பட்ட நாளில் தார்ப்பாயும் இருக்காது, நீயும் அங்கே இருக்கக் கூடாது.

இந்தக் கணக்கு எனக்கு அத்துப்படியான புதிதில், ஒருநாள் மதியம் கருத்த மேகத்தைப் பார்த்துவிட்டு, "ராத்திரிக்குள் நூறு லிட்டர் வரும், பாருங்கள்" என்று மாணவிகளிடம் சொன்னேன். அந்த நம்பிக்கையில் கேனில் இருந்த தண்ணீரை எடுத்துக் கால் கழுவினார்கள், தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். நானும்தான். பெய்தது இலை நனையும் தூறல். மறுநாள் காலையில் ஆளுக்கு அரை டம்ளர் தண்ணீரோடு மலை இறங்கினோம். வரப்போகிற மழையை நம்பி இருக்கிற குடத்தைக் கவிழ்த்தவள் என்று என்னை நானே பல நாள் திட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு, குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நான்கு லிட்டர் வீதம் முதல் நாளுக்கான தண்ணீர் கையில் இல்லாமல் நான் முகாமுக்குக் கிளம்பியதே இல்லை.

மழையை அளக்க ஒரு பாட்டிலும் வை. பக்கம் நேராக உள்ள பாட்டிலின் தலையை அறுத்து உள்நோக்கிக் கவிழ்த்து, அடியில் கூழாங்கல் போட்டு, கல் மூழ்கும் வரை நீர் விட்டு அங்கே ஒரு கோடு. அதுதான் பூஜ்யம். அங்கிருந்து மேலே அடிக்கோலை ஒட்டு. காலையில் எழுந்ததும் எத்தனை மில்லிமீட்டர் என்று குறித்து வைப்பவள், ஒரு வருடத்தில் வாய்ச்சவடால் குறைந்தவளாகிவிடுவாள். எனக்குக் குறைந்தது.

4. முதல் தண்ணீரைக் கொட்டிவிடு. சொல்லச் சுலபம், செய்ய மனசு வராது. நாலைந்து நாள் வெயில் காய்ந்த தார்ப்பாயில் தூசி இருக்கும், பூச்சி இருக்கும், பறவை எச்சம் இருக்கும். முதல் பத்து நிமிட மழை அதையெல்லாம் கழுவிக்கொண்டு வரும். என் இரண்டாவது முகாமிலோ மூன்றாவதிலோ, தண்ணீர் தட்டுப்பாடு வந்து இரண்டு நாள் கழித்து மழை பெய்தது. முதல் சொட்டிலிருந்தே குடத்தை வைத்துவிட்டேன். காணிக்காரப் பெரியவர் பேசாமல் வந்து குடத்தைக் காலால் தள்ளி நகர்த்தினார். எனக்குக் கோபம் வந்தது. "மொதத் தண்ணி மரத்துக்கு, ரெண்டாந் தண்ணி மனுசனுக்கு" என்றார். அவர் போனதும் குடத்தைத் திரும்ப இழுத்து வைத்தேன். அடுத்த இரண்டு நாளில் ஒன்பது பேருக்கு வயிற்றுப்போக்கு. அந்த ஒன்பது பேருக்கும் உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்தே, ஆசைப்பட்டுச் சேர்த்ததைவிட அதிகத் தண்ணீர் செலவாயிற்று.

5. தாழ்ந்த ஓரம் காற்றைப் பார்க்கட்டும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, மூன்று தார்ப்பாய்கள் கிழிந்து சொல்லின. மலையில் மழை நேராக இறங்காது, காற்றோடு சரிந்து வரும். உயரமான ஓரத்தைக் காற்று வரும் பக்கம் கட்டினால் காற்று அடியில் புகுந்து தார்ப்பாயைக் கப்பல் பாய் போலத் தூக்கும், மழையோ மேலே படாமல் தாண்டிப் போகும். காற்று வரும் பக்கம் இடுப்பளவு தாழ்த்தி, மறுபக்கம் தோளளவு உயர்த்திக் கட்டு. காற்று அழுத்தும், தூக்காது. சரிந்து வரும் மழையும் முகத்தில் அறைகிற மாதிரி முழுசாக விழும். காற்றுக்கு எதிரே நெஞ்சை நிமிர்த்துவதில் பெருமை ஒன்றும் இல்லை என்பதை அந்த வயதில் நான் தார்ப்பாயிடமும் கற்கவில்லை, கல்லூரித் துறையிலும் கற்கவில்லை. இரண்டு இடத்திலும் கிழிந்தது.

தாழ்ந்த ஓரத்திலும் ஒரு மூலையை இன்னும் ஒரு சாண் இறக்கி வை, அதுதான் வாய். அந்த வாயிலிருந்து ஒரு சணல் கயிற்றைக் குடத்துக்குள் தொங்க விட்டால் தண்ணீர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிதறாமல் இறங்கும். நடுவில் தொப்பை விழ விடாதே. தொப்பையில் ஐம்பது லிட்டர் தேங்கினால் ஐம்பது கிலோ, தார்ப்பாய் ஓரத்தில் கயிறு கோக்கும் கண்ணைப் பிய்த்துக்கொண்டு வரும். கண் பிய்ந்த மூலையில் உருண்டைக் கல் ஒன்றை வைத்துச் சுருட்டி, கல்லுக்குக் கீழே கழுத்தில் கயிற்றை இறுக்கிவிடு. ஓட்டை போட்ட இடத்தைவிட அது பலமாக நிற்கும்.

6. அவிழ்க்கத் தெரிந்த முடிச்சை மட்டும் போடு. கோபத்தில் போட்ட முடிச்சு நனைந்தால் கத்தி கேட்கும்.

7. நிற்கிற மரத்தை நிமிர்ந்து பார். தாவரவியல் படித்தவள் இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டும். கயிறு கட்ட வாகாக இருக்கிறதே என்று ஒரு மரத்தடியில் தார்ப்பாயை விரித்தேன். இலையிலும் பட்டையிலும் வடிந்த தண்ணீர் தார்ப்பாயில் விழுந்தது. முகம் கழுவின பெண்ணுக்குக் கன்னமும் கழுத்தும் கொப்பளித்துப் போயின. மேலே பார்த்தால் சேங்கொட்டை. அந்தக் காலத்தில் சலவைக்காரர்கள் துணியில் குறி போட்டார்களே, அந்தக் கொட்டையின் மரம். அதன் பால் தோலைப் பொசுக்கும். அந்த மரத்தின் குடும்பம், பேரினம், காய் முதிரும் மாதம் எல்லாவற்றையும் நான் வகுப்பில் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். எழுதியவளுக்கு அண்ணாந்து பார்க்கத் தோன்றவில்லை. அந்தப் பெண் ஒரு வாரம் கழித்து, "டீச்சர், இனிமே இந்த மரம் எனக்கு மறக்கவே மறக்காது" என்று சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கள்ளி, எட்டி, பெயர் தெரியாத பால் மரம் எதன் சொட்டும் வேண்டாம். நல்ல மரமானாலும் அடியில் கட்டினால் தண்ணீர் தேயிலை நிறத்தில் வரும், குருவி எச்சம் வரும். மரங்களுக்கு இடையே வானம் தெரிகிற இடம் பார். கயிறு மட்டும் மரத்துக்குப் போகட்டும்.

8. பூச்சிமருந்து இருந்த கேனில் தண்ணீர் பிடிக்காதே. எத்தனை தரம் கழுவினாலும் சரி, யார் சத்தியம் செய்தாலும் சரி. உரச் சாக்கை விரித்து மழை பிடிக்காதே. சமையல் எண்ணெய் இருந்த கேன், ஊறுகாய் வாளி போதும். இதற்குக் கதை உண்டு, ஆனால் சொல்லமாட்டேன்.

9. தெளிவாக இருப்பதெல்லாம் சுத்தம் என்று நினைக்காதே. வங்கதேசத்தில் மத்லப் என்ற ஊர்ப்பக்கம், பழைய பருத்திப் புடவையை நான்கு மடிப்பாவது மடித்துக் குளத்து நீரையும் ஆற்று நீரையும் வடிகட்டச் சொன்னார்கள். காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. 2003-ல் அந்த ஆய்வு வெளியானபோது என் வகுப்பில் அதைப் படித்துக் காட்டினேன். கிருமிகள் ஒட்டிக்கொண்டிருக்கும் மிதவை உயிர்களைத் துணி பிடித்துக்கொண்டது. பழைய புடவைதான் உத்தமம், துவைத்துத் துவைத்து நூல் பஞ்சாகி ஓட்டை சிறுத்திருக்கும். ஆனால் நன்றாகக் கேள், குறைந்தது பாதிதான். மிச்சப் பாதிக்கு அடுப்புதான் கதி. கொதி வந்து நன்றாகக் குமிழி புரள ஒரு நிமிடம் விடு. 2000 மீட்டருக்கு மேல் தங்கினால் மூன்று நிமிடம். உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், ஆனால் அந்தக் கொதியில் சூடு குறைவு. தொட்டபெட்டா 2637 மீட்டர், அங்கே 90 டிகிரியைத் தாண்டியதுமே கொதிக்கத் தொடங்கிவிடும். மலையில் கோபப்படுகிற சில பேரும் அப்படித்தான், சத்தம் இருக்கும், சூடு இருக்காது. அது கிடக்கட்டும். விறகு மூட்ட அனுமதி இல்லாத காட்டில் சின்ன காஸ் அடுப்பு கொண்டு போ. அதுவும் தீர்ந்தால் குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் காத்திரு. பாட்டிலில் நிரப்பி வெயிலில் வைக்கிற வைத்தியம் நல்ல வெயிலில் ஆறு மணி நேரத்தில் பலிக்கும். மழை பிடிக்கிற ஊரில் வெயிலுக்கு எங்கே போக?

கொதித்து ஆறிய மழைத்தண்ணீர் சப்பென்று இருக்கும். உப்புச் சத்து அதில் இல்லை, கொதித்ததில் காற்றும் போயிருக்கும். மூடியுள்ள இரண்டு பாத்திரம் சுத்தமாக இருந்தால், டீக்கடைக்காரர் டீ ஆற்றுவது போல இதிலிருந்து அதற்கு நாலு தரம் தூக்கி ஆற்று. ருசி திரும்பும். பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள், பார்க்கட்டும். ஆற்றிய பிறகு மூடி வை. ஒரு வாரத்துக்கு மேல் திறந்து கிடக்கும் தெளிந்த நீரில்தான் டெங்குக் கொசு குடித்தனம் நடத்தும்.

10. போக விடவும் தெரிந்துகொள். ஓடைக்கரை மணல் படுக்க மெத்தை போல இருக்கும், அங்கே முகாம் போடாதே. உன் தலைக்கு மேல் நட்சத்திரம் தெரியும்போதே மேலே முகட்டில் கொட்டிக்கொண்டிருக்கும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படித் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோனது. ஓடைத் தண்ணீர் திடீரென்று கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், பாத்திரத்தை விட்டுவிட்டு ஏறு. இடியும் அப்படித்தான். மின்னல் கண்ணில் பட்டதிலிருந்து எண்ணு. மூன்று எண்ணினால் ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் கயிற்றைத் தொடாதே, தனி மரத்தடியிலும் மேட்டிலும் நிற்காதே. ஒருமுறை குடம் நிரம்பி வழிகிறது, அடுத்ததை மாற்றி வைக்க வேண்டும், மின்னலோ கண்ணைப் பறிக்கிறது. நான் போகக் கிளம்பினேன். சமையலம்மாள் என் புடவைத் தலைப்பைப் பிடித்து உட்கார வைத்தார். "தண்ணிய நாளைக்கும் பிடிக்கலாம், டீச்சர்." கண்ணுக்கு முன்னால் வழிந்து போகும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது, உப்புத் தண்ணீர் ஊரில் பிறந்தவளுக்கு எவ்வளவு கஷ்டம் தெரியுமா? அன்று ராத்திரி முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

11. கேட்காதவளைக் கவனி. இது ஒன்றைச் சொல்லத்தான் மற்றதையெல்லாம் எழுதினேனோ என்னவோ. எண்பதுகளில் ஒரு முகாம். கன்னிகட்டிப் பக்கம், ஐந்து நாள், நல்ல மழை. இரண்டு பெரிய டிரம் நிரம்பி நின்றது. எனக்கு ஒரே பெருமை. யாருக்கு எத்தனை சொம்பு என்று நோட்டில் கோடு கிழித்துக் கணக்கு வைத்தேன், டிரம்முக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் ஒரு பெண் ஏற்றத்தில் மயங்கி விழுந்தாள். இரண்டாம் ஆண்டு, அதிகம் பேசாதவள். விசாரித்தால், வந்த முதல் நாளே அவளுக்கு மாதவிலக்கு. கழுவத் தண்ணீர் வேண்டும் என்று எல்லோர் முன்னாலும் என் நோட்டுக்கு எதிரே வந்து கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. ராத்திரியில் வெளியே எழுந்து போக வேண்டி வருமே என்று குடிப்பதையும் நிறுத்தியிருக்கிறாள். தன் பங்குக் குடிநீரை மிச்சம் பிடித்துக் கழுவியிருக்கிறாள். இரண்டு டிரம் தண்ணீர் நிறைந்து நிற்க, என் பக்கத்தில் ஒரு பிள்ளை தாகத்தில் விழுந்தாள்.

அதற்குப் பிறகு எந்த முகாமிலும் நோட்டு வைக்கவில்லை. கூடாரங்களுக்குப் பின்னால் ஒரு பழைய புடவையை மறைப்பாகக் கட்டி, உள்ளே ஒரு கேனும் குவளையும் வைத்துவிடுவேன். யார் எடுத்தார்கள், எவ்வளவு எடுத்தார்கள் என்று யாரும் பார்க்கக் கூடாது. சாயங்காலம் நானே நிரப்புவேன். அந்தக் கேனுக்கான தண்ணீர்தான் முதல் கணக்கு, சமையல் அதற்கு அடுத்து. உன் குழுவில் ஆண்பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்றாய். அவர்களுக்கும் இதைச் சொல், கூச்சப்படாமல் சொல். தண்ணீர் ஊற்றுகிற கையில் அதிகாரம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும், நமக்கே தெரியாது. ஒருநாளைக்கு ஒருவர் என்று அந்த வேலையை மாற்றிக் கொடு. கடைசியில் குடிப்பவளாக நீ இரு.

12. காடு உன் வீட்டு முற்றம் இல்லை. களக்காடு முண்டந்துறை 1988-ல் புலிகள் காப்பகமானது. அதற்கு முன் நாங்கள் இஷ்டத்துக்குப் போன இடங்களுக்கெல்லாம் பிறகு கடிதம் எழுதி, காத்திருந்து, கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. நானும் முணுமுணுத்தவள்தான். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் கருகிப் போனார்கள், பெரும்பாலும் உன் வயதுப் பிள்ளைகள். அதற்குப் பின் மலையேற்றத்துக்கென்றே தமிழ்நாட்டில் விதிகள் வந்தன. அன்றிலிருந்து முணுமுணுப்பதை நிறுத்திக்கொண்டேன். அனுமதி இல்லாமல் ஒரு ராத்திரியும் தங்காதே.

நாங்கள் செய்த இன்னொரு தப்பு, கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டுவது. அந்தக் காலத்தில் அதுதான் பாடம். மறு வருடம் அதே இடத்துக்குப் போனால் எங்கள் வாய்க்கால் ஓர் ஓடையாக அரித்துக் கிடந்தது. வெட்டாதே, மேடாகப் பார்த்துப் போடு. கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கூடாரத்துக்குள் வருகிறதா, கயிற்றில் ஒரு துணித் துண்டை முடிந்துவிடு, அங்கேயே சொட்டி நின்றுவிடும். நிரம்பிய குடத்தை விலங்குகள் நடக்கும் தடத்தில் வைக்காதே. முண்டந்துறையில் கரடி ஒன்று எங்கள் அண்டாவைக் கவிழ்த்துக் குடித்துவிட்டுப் போனது. காலையில் பெண்களெல்லாம் பதறினார்கள். அதன் காட்டில் பெய்த மழையை அது குடித்தது, யாரிடம் போய்ச் சொல்வது?

13. நன்றாக அவிழ்த்துவிட்டு வா. கட்டும்போது ஆறு கைகள் ஓடிவரும், அவிழ்க்கும்போது எல்லோருக்கும் பேருந்துக்கு நேரமாகிவிடும். மரத்தில் கயிற்றின் துண்டு ஒன்றுகூட மிச்சம் இருக்கக் கூடாது. மரம் பருக்கும், நைலான் பருக்காது. பத்து வருடம் கழித்து என் கயிறு ஒன்று பட்டைக்குள் புதைந்து கிடந்ததைப் பார்த்தேன். என் முடிச்சுதான், அடையாளம் தெரிந்தது. பிடித்த தண்ணீரில் மிச்சம் இருந்தால் மரத்தடியில் ஊற்றிவிடு. வீட்டுக்கு வந்ததும் எத்தனை அசதியானாலும் தார்ப்பாயை விரித்துக் காயப் போடு. ஈரத்தோடு மடித்தால் அடுத்த முறை அது பூசணத் தண்ணீர் பிடிக்கும். காய்ந்ததும் தூசியைத் தட்டி, வாயுள்ள மூலையில் ஒரு சிவப்பு நூல் கட்டி மடி. அடுத்த தடவை இருட்டில் தேட வேண்டியிருக்காது.

உன் தம்பி ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கம் வருகிறான். அவனிடம் ஒரு பை கொடுத்தனுப்புகிறேன். என் பழைய சுங்குடிப் புடவை ஒன்று இருக்கிறது, வடிகட்ட. மடிப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இது நல்ல புடவையாச்சே என்று நீயே கட்டிக்கொள்ளாதே, நூல் தாங்காது. ஒன்பது கயிறு வைத்திருக்கிறேன். மூலைக்கு நான்கு, நீள ஓரங்களின் நடுவில் இரண்டு, வாய்க்கு ஒன்று, மறைப்புக்கு இரண்டு. ஒன்பதையும் எண்ணித் திருப்பிக் கொடு.

உன் அத்தை